பாதியில் நிறுத்திய மருந்து

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நதியாவின் நெற்றியில் பரு வர ஆரம்பித்தது. கூடப் படித்த பிள்ளைகளுக்கும் ஒன்றிரண்டு இருந்ததால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. காலை வழிபாட்டில் மைக் முன்னால் நின்று செய்தி வாசிப்பவள் அவள்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து நல்லூரில் குடியேறிய குடும்பம். வந்த புதிதில் அவள் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது. ஒரே வருடத்தில் கொங்குப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, டவுன் பஸ் கண்டக்டரைப் போலவும் கணக்கு டீச்சரைப் போலவும் பேசிக்காட்டி அதே வகுப்பைச் சிரிக்க வைத்தாள். வீட்டிலும் வாய் ஓயாது. அப்பா காசிமாயன் சாயப்பட்டறையிலிருந்து களைத்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், அன்று பள்ளியில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டுவாள். அவர் அதிகம் பேசாத மனிதர். சோற்றில் கை வைத்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருப்பார். "மனுசனத் திங்க விடுடி மொதல்ல" என்று அம்மா கருத்தம்மா அதட்டுவாள். அவள் பனியன் கம்பெனியில் டெய்லர். அதட்டுகிற வாயில் சிரிப்பும் இருக்கும். நதியா அவர்களுக்கு ஒரே பிள்ளை.

பத்தாம் வகுப்பில் பரு கன்னத்துக்கு இறங்கிவிட்டது. தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி கட்டியாகக் கிளம்பியது. பழுத்து உடைந்தால் சீழும் ரத்தமும் வந்தது. எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் வலித்தது. மல்லாந்தே தூங்கப் பழகிக்கொண்டாள். அம்மா எழுவதற்கு முன்பே எழுந்து தலையணை உறையை அலசிக் கொடியில் போட்டுவிடுவாள்.

பார்த்தவர்களெல்லாம் வைத்தியம் சொன்னார்கள். வேப்பிலையை அரைத்துப் பூசு என்றார்கள், எலுமிச்சம்பழத்தைத் தேய் என்றார்கள், படுக்கும்போது பற்பசை வை என்றார்கள். உடம்புச் சூடுதான் காரணம், எண்ணெய் தேய்த்துக் குளி என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எதிர் வீட்டுக்காரி எண்ணெயே ஆகாது என்றாள். நதியா எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். எலுமிச்சம்பழம் புண்ணில் பட்டபோது எரிச்சல் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாயடியில் ஒருநாள் ஒருத்தி, "வயசுப் புள்ள எவனயாச்சும் நெனச்சுக்கிட்டே இருந்தா இப்படித்தான் வரும்" என்று சொல்ல, நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நதியா நிறையாத குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வகுப்புப் பையன்கள் அவளுக்குப் 'பலாப்பழம்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு திங்கட்கிழமை அவள் மைக் முன்னால் போய் நின்றபோது கூட்டத்திலிருந்து யாரோ அந்தப் பெயரைச் சொல்ல, வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. கையிலிருந்த செய்தியை அவள் கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் இறங்கினாள். மறுநாள் தொண்டை கட்டிவிட்டது என்று டீச்சரிடம் சொன்னாள். அதற்குப் பிறகு மைக் பக்கமே போகவில்லை.

கருத்தம்மா யாரோ சொன்னதைக் கேட்டு மெடிக்கல் கடையிலிருந்து ஒரு டியூப் களிம்பு வாங்கி வந்தாள். பூசிய கொஞ்ச நாளில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. அம்மாவும் மகளும் கண்ணாடி முன்னால் நின்று சந்தோஷப்பட்டார்கள். டியூப் தீர்ந்த வாரத்திலேயே முகம் முழுவதும் சிவந்து, பழைய பருவெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மறுபடி வாங்கினார்கள். அடங்கியது. விட்டால் கிளம்பியது. இப்படியே அந்த வருடம் ஓடியது.

பத்தாம் வகுப்பில் நதியா நல்ல மார்க் எடுத்திருந்தாள். ஆனாலும் பிளஸ் ஒன் சேரமாட்டேன் என்றாள்.

"டீச்சராவப் போறேன்னு சொன்னவ நீதானடி?" என்றாள் கருத்தம்மா.

"டீச்சர்னா நாளு முழுக்க அத்தன பேரும் மூஞ்சியத்தானம்மா பாப்பாங்க."

கருத்தம்மா அடித்துப் பார்த்தாள், அழுது பார்த்தாள். காசிமாயன், "படிச்சாத்தானத்தா நீயாச்சும் நல்லா இருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் தலையைத் தூக்கவே இல்லை. அந்த வருடம், 2004இல், நல்லூரிலேயே ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள்.

செக்கிங் என்றால் தைத்து வந்த துணியை மேசையில் விரித்துப் போட்டு, கறை, ஓட்டை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு மேசைக்கும் மேலே தலைக்கு நேராக டியூப் லைட் எரியும். அந்த வெளிச்சம் முதல் நாளே அவளைக் கூச வைத்தது. ஆனால் ஒரு வசதி இருந்தது. பஞ்சுத் தூசிக்காகப் பெண்கள் மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் சாப்பாட்டு மணி அடித்ததும் அவிழ்த்துவிடுவார்கள். நதியா அவிழ்க்கமாட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, துணியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டு, அவசர அவசரமாகத் தின்றுவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்வாள்.

அடுத்த மேசையில் ரோஸ்மேரி என்ற பெண் இருந்தாள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவள், நதியாவைவிட இரண்டு வயது மூத்தவள். சில நாள் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு மதியம் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து நதியாவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, சுவத்துகிட்ட என்ன பேச்சு ஒனக்கு? என்னைப் பாத்துத் தின்னு. நான் ஒண்ணும் பயந்து ஓடிர மாட்டேன்."

நதியாவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து ரோஸ்மேரியின் முன்னால் மட்டும் முகத்துணியை அவிழ்த்தாள்.

அவள் முகத்தை மூடாமல் பேசிய இன்னொரு ஆள் முனீஸ். கருத்தம்மாவின் தம்பி குடும்பம் பெருமாநல்லூரில் இருந்தது. தம்பி மகன்தான் முனீஸ். அங்கே ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு உதவியாளாக இருந்தான். நதியாவுக்கு முறைப் பையன். இரண்டு பேருக்கும்தான் கல்யாணம் என்று சின்ன வயதிலிருந்தே வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி வருவான். அவள் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். "கண்டக்டர் மாதிரி பேசு புள்ள" என்று கேட்பான். அவனுக்காக மட்டும் அவள் பேசிக்காட்டுவாள்.

வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் தணிக்கைக்கு வருகிறார்கள் என்பதால் நிர்வாகம் மாதம் ஒருமுறை ஒரு நர்ஸம்மாவை வரவழைத்து, வேலை செய்யும் பெண்களின் உடம்பைப் பார்க்கச் சொல்லியிருந்தது. மருதம்மாள் என்று பெயர். அந்த ஊர்க்காரர். 2005 தொடக்கத்தில் ஒருநாள் நதியாவின் முறை வந்தது.

"அந்தத் துணிய அவுத்துக் காட்டு கண்ணு."

நதியா தயங்கி அவிழ்த்தாள். மருதம்மாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன கண்ணு, இவ்வளவு முத்த வுட்டு வெச்சிருக்கற? இது வயசுல வந்துட்டுத் தானாப் போற பரு இல்ல, நோவு. இதுக்குன்னு டாக்டரு இருக்கறாங்க. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லேடி டாக்டர் இருக்காங்க, தோலுக்குப் பாக்கறவங்க. சண்முகப்பிரியான்னு பேரு. இந்த வாரமே போகோணும், தெரியுதா?"

பருவுக்கு டாக்டரா என்று கருத்தம்மா யோசித்தாள். அவளுக்கு லீவும் கிடைக்கவில்லை. காசிமாயன்தான் ஒரு சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

மருத்துவமனை ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் பெரிய பலகை. காசிமாயன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கீழேயே நின்று மெதுவாகப் படித்தார். தோல், பால்வினை நோய், தொழுநோய் சிறப்பு மருத்துவர் என்று எழுதியிருந்தது. எய்ட்ஸ் பற்றி ஊரெங்கும் சுவரில் எழுதிப் போட்டிருந்த காலம். அவர் முகம் மாறியது.

"இங்கதானாத்தா வரச் சொன்னாங்க?"

"ஆமாப்பா. தோல் டாக்டர் எல்லாருக்கும் போர்டு இப்படித்தான் இருக்குமாம். நர்ஸம்மா சொன்னாங்க."

அவர் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவளுக்குப் பின்னால் ஏறினார்.

டாக்டர் நதியாவை விளக்குக்குக் கீழே உட்காரவைத்தார். வெறும் விரலால் அவள் கன்னத்தைத் தொட்டு, ஒவ்வொரு கட்டியாக மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

"வலிக்குதா கண்ணு?"

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. ஏன் கழுவவில்லை, என்ன தின்கிறாய், யாரை நினைக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல வாய் திறந்தவள் தேம்பி அழுதாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அழுது முடியும் வரை அவள் தோளில் கை வைத்திருந்தார்.

"சூட்டுலதானங்கம்மா வருது?" என்று கேட்டார் காசிமாயன்.

"சூடும் இல்லீங்க, அழுக்கும் இல்லீங்க. தோலுக்கு அடியில எண்ணெய் சுரக்கற எடம் அடைச்சுச் சீழ் புடிக்குது. சில பேருக்கு லேசா வந்துட்டுப் போயிரும், சில பேருக்கு இப்படி ஆழமா வரும். உங்க பொண்ணு பண்ணுன தப்பு ஒண்ணுமே இல்லீங்க." பிறகு நதியாவிடம் திரும்பினார். "அந்த டியூப் மருந்த இனிமேத் தொடாத. அதுதான் பாதியக் கெடுத்துருக்குது. ஏற்கெனவே விழுந்த தழும்பு முழுசாப் போகும்னு நான் சொல்லமாட்டேன். இனிமே விழாமப் பாத்துக்கலாம். ஆறேழு மாசம் ஆகும். மொதல்ல இன்னும் கொஞ்சம் கிளம்பும், பயந்துக்காத. நடுவுல மட்டும் நிறுத்திராத."

இறங்கி வந்து இருவரும் ஒரு பேக்கரியில் டீ குடித்தார்கள். நதியா சால்வையை முகத்திலிருந்து கீழே இறக்கிவிட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து குடித்தாள். காசிமாயன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். சாயம் ஏறி அவர் நகமெல்லாம் நீலமாக இருந்தது.

"நம்ம மேல தப்பே இல்லையாம்லத்தா" என்றார்.

டாக்டர் சொன்னபடியே முதல் மாதம் அதிகமானது. நதியா பயப்படவில்லை. வேளை தவறாமல் மாத்திரை போட்டாள், களிம்பு தடவினாள். இரண்டாவது மாதத்தில் புதுக் கட்டிகள் வருவது குறைந்தது. மூன்றாவது மாதம் ஒரு காலையில் இடது கன்னத்தை வைத்துப் படுத்திருந்ததை எழுந்த பிறகுதான் உணர்ந்தாள். வலிக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் சூப்பர்வைசர் பொங்கியண்ணனைப் போல், "ஏனுங்கம்மணி, பீஸு போகலீங்களா?" என்று அவள் இழுத்துக்காட்ட, ரோஸ்மேரி புரை ஏறிச் சிரித்தாள். மற்ற மேசைப் பெண்களும் இன்னொரு தடவை பேசச் சொன்னார்கள். முனீஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றே அவளைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்க புள்ள" என்றான். முகத்தைப் பற்றி அவன் பேசிய ஒரே வார்த்தை அதுதான். அடுத்த வருடம் பிளஸ் ஒன் சேர்ந்துவிடலாமா என்றுகூட ரோஸ்மேரியிடம் கேட்டாள்.

அந்த மாதம்தான் முனீஸின் அம்மா சந்தனம் பஸ்ஸில் போகும்போது அவளைப் பார்த்தாள். நெரிசலில் பஸ் அந்தத் துணிக்கடைக்கு எதிரே நின்றுவிட்டது. நதியா மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். வெயிலில் போகாதே என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சால்வையால் முகத்தைச் சுற்றியிருந்தாள். நடையை வைத்தே சந்தனம் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

மறுநாளே வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மதினி, நான் சொல்றேன்னு கோவிக்காதிக. ஒங்க மக எந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தோல் டாக்டர்கிட்ட. பருவுக்கு."

"பருவுக்கு எவ மதினி ஆஸ்பத்திரிக்குப் போறா? ஊருல பரு வராத புள்ள இருக்கா? அங்க போர்டுல என்ன எழுதிருக்குன்னு அண்ணனக் கேளுங்க. பஸ்ல பக்கத்துல இருந்த புள்ள படிச்சுச் சொல்லவே கூசுது. தப்புத் தண்டாவுக்குப் போறவய்ங்க போற எடமாம்ல அது."

கருத்தம்மா கணவனைப் பார்த்தாள். "என்னய்யா எழுதியிருந்துச்சு?"

காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டார். "தோலுன்னும் எழுதியிருந்துச்சு" என்றார்.

நதியா முன்னால் வந்தாள். "அத்தை, எல்லாத் தோல் டாக்டருக்கும் போர்டு அப்படித்தான் இருக்கும். நீங்க எங்கூட வாங்க. டாக்டரம்மாகிட்டயே கேளுங்க."

"நான் எதுக்குத்தா அங்க வாரேன்? என்னையும் நாலு பேரு பாக்கவா?"

சந்தனம் போய்விட்டாள். அவள் எங்கெங்கே சொன்னாளோ தெரியாது. ஒரு வாரத்தில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு வரிசை முழுவதும் பேச்சு பரவிவிட்டது. நதியா குழாயைத் தொட்டால் அடுத்தவள் கழுவிவிட்டுப் பிடித்தாள். கம்பெனியில் தண்ணீர் டிரம்முக்கு மேலே இருந்த டம்ளரை அவள் எடுத்தால் யாரும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. பருவாம் பரு, பரு அந்த நோயிலும் வரும் என்று ஒருத்தி ரோஸ்மேரியிடமே சொல்ல, ரோஸ்மேரி அவளை அடிக்கப் போய்விட்டாள்.

பொங்கியண்ணன் நல்ல மனிதர். அவர் நதியாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதம்மணி. எனக்கு ஒண்ணும் சந்தேகமில்ல. புள்ளைங்க பக்கத்துல உக்கார மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்குக் குடோன்ல துணி எண்ணற வேலையப் பாரு. நானே மறுபடி கூப்புட்டுக்கறேன்."

"நான் என்ன பண்ணுனேனுங்க?" என்று கேட்டாள் நதியா. அவர் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அலமாரித் தட்டில் மாத்திரை இல்லை. களிம்பும் இல்லை. கருத்தம்மா எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டிருந்தாள்.

"இனிமே பாதிதானம்மா இருக்கு. நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்கம்மா" என்று நதியா காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"மூஞ்சி போனாப் போகட்டும்டி. பேரு போச்சுன்னா ஒன்னைய எவன் கட்டுவான்? என் தம்பி வீட்டு வாசல மிதிக்க முடியுமாடி நான்?" கருத்தம்மாவும் அழுதுகொண்டே கத்தினாள். காசிமாயன் வெளியே போய் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மா தன் தலையில் கை வைக்கச் சொல்லி, அந்தப் படி ஏறமாட்டேன் என்று மகளிடம் சத்தியம் வாங்கினாள். நதியாவுக்கு அப்போது பதினேழு வயது.

பரு திரும்பி வந்தது. முன்பு கன்னத்தில் மட்டும் இருந்தது, இப்போது தாடை, கழுத்து, முதுகு வரைக்கும் இறங்கியது. ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று பழுத்தது. ஆறிய இடமெல்லாம் குழி விழுந்தது. குடோனில் மூட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் குறைவு. ரோஸ்மேரி சாப்பாட்டு நேரத்தில் தேடிக்கொண்டு வருவாள். "நான் போய் மருந்து வாங்கியாரேன்ட்டி, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். அம்மா தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன் என்று நதியா மறுத்துவிட்டாள்.

முனீஸ் ஞாயிற்றுக்கிழமை வருவது நின்றுபோனது. ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி வாசலில் காத்திருந்தான்.

"எங்கம்மா வேற எடத்துல பொண்ணு பாத்துருச்சு. மாட்டேன்னா பூச்சி மருந்தக் குடிச்சிருவேங்குது" என்றான்.

"மச்சான், நீ என்னைய நம்புறியா?"

"நம்புறேன்." தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அப்ப எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கெழம அந்த ஆஸ்பத்திரிக்கு வா. நான் படி ஏறமாட்டேன், கீழயே நிக்கிறேன். நீ மட்டும் போய் டாக்டரம்மாகிட்ட என் பேரச் சொல்லிக் கேளு. கேட்டுட்டு யாரை வேணா கட்டிக்க."

வருகிறேன் என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் பொய் சொல்கிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் காலையில் மட்டும்தான் பார்ப்பார். நதியா முன்னதாகவே போய்ப் படிக்கட்டுக்குக் கீழே, மூடிய துணிக்கடை ஓரமாக நின்றாள். பெருமாநல்லூர் பஸ் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். நோயாளிகள் ஏறினார்கள், இறங்கினார்கள். வெயில் படிக்கட்டு வரை வந்துவிட்டது. முனீஸ் வரவில்லை. கடைசியில் டாக்டரே இறங்கி வந்தார். சால்வைக்குள் இருந்த கண்ணைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டார்.

"நதியாதான? ஏன் கண்ணு வர்றதே இல்ல? மருந்து நல்லாக் கேட்டுட்டு இருந்துச்சே."

"ஊருக்குப் போயிட்டோமுங்க."

"இப்ப வந்துட்டியல்ல? மேல வா, பாத்துட்டே போறேன்."

"இல்லீங்க. இன்னொரு நாளு வர்றேனுங்க."

டாக்டர் இரண்டடி போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார். நதியா அதற்குள் ரோட்டைக் கடந்திருந்தாள்.

முனீஸின் கல்யாணம் அடுத்த தை மாதம் பெருமாநல்லூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பத்திரிகை வைத்தார்கள். கருத்தம்மா போகாமல் இருக்க முடியாது என்று போனாள். தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை பாக்குப் பையோடு திரும்பி வந்தாள். அந்தப் பையில் ஒரு தேங்காய் இருந்தது. நதியா அதை உடைத்து மறுநாள் குழம்புக்கு அரைத்தாள்.

வருடங்கள் போயின. பேச்சும் தானாக அடங்கியது. லைன் வீட்டில் புதுக் குடித்தனங்கள் வந்தன. கம்பெனியில் பழைய பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள். பொங்கியண்ணன் சொன்னபடியே அவளைத் திரும்பச் செக்கிங்குக்குக் கூப்பிட்டார். வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தாள். ஆனால் யாரையும் போலப் பேசிக்காட்டுவது நின்றுவிட்டது. வீட்டிலும் வேண்டியதற்கு மட்டும் பேசினாள். காசிமாயன் சாப்பிடும்போது சில சமயம் தலை தூக்கி மகளைப் பார்ப்பார், பிறகு குனிந்துகொள்வார். இருபது வயதுக்கு மேல் பரு வருவதும் குறைந்து, நின்றே போனது. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். பதில் சொல்லி அனுப்பவில்லை.

2009இல் கருத்தம்மாவே ஒருநாள், "தழும்புக்கு ஏதோ வைத்தியம் இருக்காம்ல. அந்த டாக்டரம்மாகிட்டயே போவோமாடி?" என்று கேட்டாள். தலையில் கை வைக்கச் சொல்லி வாங்கிய சத்தியத்தை அவளே திருப்பி எடுத்துக்கொண்டாள். நதியாவுக்குக் கோபம் வரவில்லை. அம்மாவின் தலை நரைத்துப்போயிருந்தது. சரி என்றாள்.

பலகை அப்படியேதான் இருந்தது. கருத்தம்மா அதை நிமிர்ந்து பார்க்காமல் ஏறினாள். டாக்டர் பழைய விவரத்தை எடுத்துப் பார்த்தார். முகத்தை விளக்குக்குத் திருப்பி, குழிகளை விரலால் தடவினார்.

"அன்னைக்கு மட்டும் முழுசா எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "சரி, அது போகட்டும். பரு இனிமே வராது. குழிக்குக் கோயமுத்தூர்ல சிகிச்சை இருக்குது. பாதி குறையும். பழைய மாதிரி ஆகாது கண்ணு. உன்கிட்டப் பொய் சொல்ல நான் விரும்பல."

"தெரியுமுங்க" என்றாள் நதியா.

எழுந்திருக்கும்போது கருத்தம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்ப, அம்மா... இவளுக்கு அந்த மாதிரி வேற ஒண்ணும் இல்லீங்களே? அப்பவும் இல்லையில்லீங்களா?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நதியாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

"என்னம்மா கேக்கறீங்க? பருதானுங்க. எப்பவும் பரு மட்டுந்தான்."

கருத்தம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நதியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தனம் அத்தை நம்பவில்லை, முனீஸ் நம்பவில்லை, தெரு நம்பவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். ஊர் வாய்க்குப் பயந்துதான் அம்மா மருந்தைக் கொட்டினாள் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தாள். தன்னோடு ஒரே பாயில் படுத்து, தன் கையால் சோறு வாங்கித் தின்ற அம்மாவும் உள்ளுக்குள் இந்தக் கேள்வியை வைத்திருந்திருக்கிறாள்.

பஸ்ஸில் கருத்தம்மா, "கேட்டது தப்பாத்தா?" என்றாள்.

"இல்லம்மா."

"பெத்தவளுக்குப் பயம் இருக்காதா?"

நதியா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கோயமுத்தூர் சிகிச்சையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. அந்த மாதக் கடைசியில், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது, விடுதியில் தங்க வேண்டும் என்று சொல்லி இரண்டு பையில் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தங்க வேண்டும் என்று கம்பெனி சொல்லவில்லை. நல்லூரிலிருந்து வேன் வந்துபோகிறது. அது ரோஸ்மேரிக்கு மட்டும்தான் தெரியும். அவள் கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்தாள். "அம்மையப் பழி வாங்குதியாட்டி?" என்று கேட்டதற்கு, "இல்லக்கா. அம்மா மேல பிரியமாத்தான் இருக்கேன். பக்கத்துல படுக்க முடியல" என்றாள் நதியா.

ஞாயிற்றுக்கிழமைகளில் கருத்தம்மா தூக்குவாளியில் கறிக்குழம்போடு வருவாள். விடுதி கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் இருவரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்குவதைப் பற்றியும், சாயப்பட்டறைகளை மூடப் போவதாகச் சொல்வதைப் பற்றியும் பேசுவார்கள். நதியா தூக்குவாளியைக் கழுவிக் கொண்டுவந்து தருவாள்.

"வீட்டுக்கு எப்பத்தா வர்ற?"

"வாரேம்மா. ஆர்டர் முடியட்டும்."

கருத்தம்மா பஸ் ஏறி உட்கார்ந்து, பஸ் திரும்புகிற வரைக்கும் கேட்டைப் பார்த்துக்கொண்டே போவாள். நதியாவும் பஸ் மறைகிற வரை நிற்பாள். அந்த ஆர்டர் முடிந்தது, அதற்கடுத்த ஆர்டரும் முடிந்தது. அவள் போகவில்லை.